டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? முதலில் பிரேக்கைக் கேளுங்கள்!

இயற்கை விவசாயத்துக்கு வரும் சிறு விவசாயிகள் பலர் இப்போது மினி டிராக்டர் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பெரிய டிராக்டர் ஈரத்தோடு நிலத்தில் இறங்கினால் அடிமண் இறுகிப்போகும். அப்புறம் எத்தனை தொழுவுரம் போட்டாலும், எத்தனை முறை ஜீவாமிர்தம் விட்டாலும் வேர் கீழே இறங்காது. எடை குறைந்த வண்டி மண்ணுக்கு நல்லது. அதில் சந்தேகமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் நிலங்கள் ஒரே இடத்தில் இல்லை. எங்கள் கோபி பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஒரு ஏக்கர் வயல் இருக்கும், எட்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்காட்டில் இரண்டு ஏக்கர் கடலையோ மஞ்சளோ இருக்கும். மினி டிராக்டர் தார்ரோட்டில் மெதுவாகத்தான் போகும். சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டிவிட்டால் ரோட்டில் இறக்கவே கூடாது. ரோடும் கெடும், சக்கரமும் கெடும். குட்டியானையில் ஏற்றலாம் என்றால் அது தாங்கும் லோடு சுமார் 750 கிலோதான். ரோட்டவேட்டரோடு சேர்த்தால் மினி டிராக்டர் அதைத் தாண்டிவிடும்.

ஆகவே, ஐந்து பேர் சேர்ந்து மினி டிராக்டர் வைத்திருக்கும் எங்கள் குழு, அதை ஏற்றிப் போக ஒரு டிரெய்லர் வாங்க முடிவு செய்தது. இழுப்பதற்குக் குழுவில் ஒருவரிடம் 42 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு மாதம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் சொன்ன ஒரே வார்த்தை, "எத்தனை டன் வேணாலும் இழுக்கும் சார்." எப்படி நிற்கும் என்று நான் கேட்டபோது பாதிப்பேர் சிரித்தார்கள். நிறுத்துவது எது என்பதுதான் இதில் பெரிய கேள்வி.

எடைக் கணக்கு

முதலில் ஒரு தாளை எடுத்து எடையை எழுதுங்கள். 20 குதிரைத்திறன் அளவிலான மினி டிராக்டர்கள் பெரும்பாலும் 650 முதல் 900 கிலோ வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். 800 என்று வைத்துக்கொள்வோம். ரோட்டவேட்டர் 200, கேஜ் வீல் ஜோடி, டீசல் கேன், கருவிகள் எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,150 கிலோ.

இதோடு கணக்கு முடியவில்லை. டிரெய்லர் வந்துவிட்டால் அதில் எருவும் ஏற்றுவோம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பக்கப்பலகை என்றால் 120 கன அடி. ஒரு கன மீட்டர் தொழுவுரம் 600 கிலோ என்று வைத்தால்கூட சமமட்டமாக நிரப்பினாலே இரண்டு டன். மழையில் நனைந்ததைக் குவித்து ஏற்றினால் மூன்று டன்னைத் தொடும். அதாவது மினி டிராக்டரைவிட நம் குப்பைதான் கனம். அச்சு, ஸ்பிரிங் பட்டை, டயர் மூன்றையும் எருக் கணக்குக்குத்தான் பார்க்க வேண்டும். பழைய லாரி அச்சு போட்டுத் தருகிறேன் என்பார்கள். போடலாம். ஆனால் வெட்டி ஒட்டிய அச்சாக இருக்கக் கூடாது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய யாரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து இறங்கும், பின்பாரம் அதிகமானால் நுகம் தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அதே தராசுதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம், டிராக்டரின் கொக்கியில் உட்கார வேண்டும். அப்போதுதான் டிரெய்லர் ஆடாமல் பின்தொடரும். அதனால் அச்சு நடுமத்தியில் இல்லாமல் சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும்.

நான்கு சக்கர டிரெய்லரில் இந்தத் தராசுத் தொல்லை கிடையாது. ஆனால் விலை கூடும், பின்னோக்கி எடுப்பது பெரும்பாடு, குறுகலான வண்டித்தடத்தில் திருப்புவதும் கஷ்டம். எங்களைப் போன்ற இடத்துக்கு இரண்டு சக்கரமே போதும்.

இன்னொன்று. டிரெய்லரை டிராக்டரின் அடிக்கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேலே, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் மல்லாந்துவிடும். கொக்கி ஆணிக்குக் கடையாணி கட்டாயம். அதோடு ஒரு சங்கிலியும் தனியாகக் கட்டுங்கள். ஆணி போனாலும் டிரெய்லர் தன்னிஷ்டத்துக்கு ஓடாது.

ஏற்றும்போதுதான் ஆபத்து

பக்கத்து ஊரில் ஒரு பையன், வயது 24. வாடகை டிரெய்லரில் மினி டிராக்டரை ஏற்றினான். தளம் மூன்றடிக்கு மேல் உயரம், சாய்வுக்கு இரண்டு பனங்கட்டை. பாதி ஏறியபோது முன்சக்கரம் தூக்கி வண்டி அவன் மேலேயே விழுந்தது. உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் எங்கள் குழுவில் எல்லோரும் விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி அளவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

சாதாரண டிரெய்லரில் பெரிய சக்கரங்களுக்கு மேலே தளம் இருக்கும். அதனால்தான் உயரம். வண்டி ஏற்றுவதற்கென்றால் சக்கரங்கள் தளத்துக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கும்படி கட்டச் சொல்லுங்கள். தளம் இரண்டடியாக இறங்கிவிடும். சாய்வுப்பலகை, உயரத்தைப் போல நான்கு மடங்கு நீளம் வேண்டும். இரண்டடித் தளத்துக்கு எட்டடிப் பலகை. இதற்குக் குறைந்தால் சரிவு செங்குத்தாகிவிடும். பலகை மேல் வழுக்காமலிருக்கக் குறுக்கே கம்பி பற்றவைத்திருக்க வேண்டும். பலகையின் மேல்நுனி தளத்தின் விளிம்பில் கொக்கி போட்டு மாட்டும்படி இருக்க வேண்டும். சும்மா சாய்த்து வைத்தால் சக்கரம் உந்தும்போது பலகை பின்னால் நழுவும்.

அடுத்தது பின்பாரம். பத்தடித் தளத்தில் அச்சிலிருந்து வால்பக்கம் நாலரை அடி, கொக்கி பத்தடி என்று வையுங்கள். 800 கிலோ வண்டி வால்விளிம்பில் ஏறும் நொடியில் கொக்கியை மேல்நோக்கி 360 கிலோ தூக்கும். இழுக்கும் டிராக்டரின் பின்சக்கரம் லேசாகி, பிடி விட்டு, மொத்தமும் நகர ஆரம்பிக்கும். இதைத் தடுக்க வால்பக்கம் இரண்டு மூலையிலும் இறக்கி நிறுத்தும் முட்டுக்கால் வேண்டும். பட்டறையில் இதைக் கேட்டு வாங்குங்கள், செலவு கொஞ்சம்தான்.

ஏற்றும் முறையையும் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கிறோம். ரோட்டவேட்டரைக் கழற்றிவிட வேண்டும். டிரெய்லர் சமதளத்தில், டிராக்டரோடு மாட்டிய நிலையில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு நிற்க வேண்டும. மினி டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஏறும்போது பின்பக்கமாக, இறங்கும்போது முன்பக்கமாக. முதல் கியரில் மெதுவாக. பலகையில் ஏறிய பிறகு கிளட்சை மிதிக்கவோ கியரை மாற்றவோ கூடாது. ஓட்டுபவரைத் தவிர யாரும் பக்கத்திலும் பின்னாலும் நிற்கக் கூடாது. "நான் பிடிச்சுக்கறேன்" என்று கைகொடுக்க வருபவரை முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நிறுத்துவது எது?

எங்கள் பக்கம் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. டிராக்டர் நின்றால் டிரெய்லரும் நிற்கும் என்கிற நம்பிக்கைதான். கணக்கைப் பாருங்கள். எரு இரண்டு டன், டிரெய்லரின் சொந்த எடை 700 கிலோ, மொத்தம் 2.7 டன். இழுக்கும் டிராக்டரோ சுமார் இரண்டு டன். இறக்கத்தில் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளும். திருப்பத்தில் பிரேக் போட்டால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைக் கவிழ்க்கும். வேகம் இரட்டித்தால் நிறுத்தத் தேவையான உழைப்பு நான்கு மடங்கு என்பதையும் மறக்காதீர்கள்.

வழி இருக்கிறது. டிராக்டர் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் முட்டுமல்லவா, அந்த முட்டலே டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கிற மாதிரி அமைப்பு உண்டு. டிராக்டரின் பிரேக்கோடு ஹைட்ராலிக் குழாயில் இணைப்பதும் உண்டு. எதுவானாலும் சரி, நிறுத்தி வைக்கத் தனியாக ஒரு ஹேண்ட்பிரேக்கும் வேண்டும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதை அடியோடு நிறுத்துங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் முறை.

ராத்திரியில் ரோட்டோரம் நிற்கும் கரும்பு டிரெய்லர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னால் வரும் பைக்காரனுக்கு அது இருட்டோடு இருட்டு. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள். பின்விளக்கு எரிய வேண்டும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், ஓர் உயிர்.

காகிதமும் கடனும்

வங்கியில் டிராக்டர் கடன் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். டிராக்டருக்கு நான்கு பக்கம் இருக்கும், டிரெய்லருக்கு ஒரு வரி. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லரைக் குறிப்பிட்டு அதற்கும் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்தபின் நஷ்டஈடு நம் நிலத்தின் மேல் வந்து உட்காரும். விவசாய உபயோகம் என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்குச் செங்கல் ஏற்றினாலும், டிரெய்லரில் ஆட்களை ஏற்றினாலும் இதே வம்புதான். மானியப் பட்டியலில் டிரெய்லர் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் வரும் என்று நம்பி அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள்.

சொந்தமா, வாடகையா? உதாரணத்துக்கு ஒரு டிரெய்லர் 1,80,000 ரூபாய் என்று வையுங்கள். 9 சதவீத வட்டி 16,200. தேய்மானம் பத்து சதவீதம் 18,000. இன்சூரன்ஸ், டயர், கிரீஸ் 8,000. வருடத்துக்கு 42,200 ரூபாய். வாடகை வண்டி நடைக்கு 1,200 என்றால் 35 நடைக்கு மேல் ஓடினால்தான் சொந்த டிரெய்லர் கட்டும். இந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். தனியாளுக்கு 35 நடை வராது. ஐந்து பேர் சேர்ந்தால் எருவும் சேர்த்து எளிதாக வரும்.

கோரைக்கிழங்குக்குச் சவாரி வேண்டாம்

கடைசியாக நமக்கென்று ஒரு விஷயம். களைக்கொல்லி அடிக்காத நமக்குக் கோரையும் பார்த்தீனியமும் ஒரு காட்டில் புகுந்தால் வருடக்கணக்கில் அவஸ்தை. கேஜ் வீலிலும் ரோட்டவேட்டர் கத்தியிலும் ஒட்டிய சேற்றில் கோரைக்கிழங்கு ஒன்று போதும். ஒரு காட்டு வேலை முடிந்ததும் அங்கேயே கழுவிவிட்டுத்தான் டிரெய்லரில் ஏற்ற வேண்டும். தளத்தையும் கூட்டிக் கழுவ வேண்டும். அதற்குத் தோதாகத் தளத்தில் தண்ணீர் வடிய ஓட்டை வைக்கச் சொல்லுங்கள். அங்ககச் சான்று வைத்திருப்பவர்கள், யூரியாவும் பூச்சிமருந்தும் ஏற்றிய டிரெய்லரைக் கழுவாமல் காட்டுக்குள் விடவே கூடாது. அதேபோல் பாரத்தோடு டிரெய்லரை ஈர வயலில் இறக்காதீர்கள். மண்ணை இறுக்காமலிருக்கத்தானே மினி டிராக்டருக்கே வந்தோம்?

எங்கள் டிரெய்லர் இப்போது பட்டறையில் கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டடித் தளம், எட்டடிப் பலகை, முட்டுக்கால், பிரேக் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். நீங்களும் வாயால் பேசி முடிக்காமல் எழுதி வாங்குங்கள். டெலிவரி எடுக்கும் நாளில் பாரம் ஏற்றி, ஓர் இறக்கத்தில் ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். நின்றால் மீதிப் பணம்.