சைக்கிளில் உதகைக்கு!

உங்களில் பெரும்பாலோர் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் அதே சைக்கிளில் மலையேறி இறங்கியிருக்கிறீர்களா? மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சென்று அன்றே திரும்பிய ஒரு பயணத்தைச் சொல்கிறேன். வகுப்பில் நான் பலமுறை நடத்திய பாடத்தை அன்றுதான் நானே படித்தேன்!

சில ஆண்டுகளுக்கு முன், என் மாணவர் ஒருவரும் நானும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்திலும், உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே குன்னூர் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சாலை.

கல்லாற்றைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. "சாலையை நேராகப் போட்டிருந்தால் தூரம் குறைந்திருக்குமே, சார்?" என்றார் மாணவர். குறைந்திருக்கும், ஆனால் நம்மால் மிதிக்க முடியாது! கொண்டை ஊசி வளைவுகள் தூரத்தைக் கூட்டி, தேவையான விசையைக் குறைக்கின்றன. இதுவே சாய்தளத்தின் தத்துவம். கியரும் இதையே செய்கிறது: காலை அதிக முறை சுற்ற வேண்டும்; ஆனால் ஒவ்வொரு மிதியும் எளிதாகிறது. உயரே செல்வதற்கான வேலை மட்டும் ஒரு ஜூல்கூடக் குறைவதில்லை.

அந்த வேலை எவ்வளவு? ஓட்டுபவர், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். ஏறும் உயரம் 1,877 மீட்டர். 80 × 9.8 × 1,877 = ஏறத்தாழ 14.7 லட்சம் ஜூல். 100 வாட் குண்டு பல்பு ஒன்று நான்கு மணி நேரம் எரியத் தேவையான ஆற்றல் இது! நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகிறது. அந்தக் குளிர்ந்த காற்றிலும் எங்கள் சட்டை நனைந்தது அதனால்தான்.

உதகையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். "இனி மிதிக்கவே வேண்டாம், சார்!" என்று மாணவர் மகிழ்ந்தார். காலையில் சேர்த்த நிலையாற்றல் முழுவதும் இப்போது வெளியேற வேண்டுமே! அதை எதிர்காற்றும் பிரேக்கும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குன்னூருக்குக் கீழே அவர் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார். ரப்பர் கருகும் நாற்றம் வீசியது. திடீரென்று, "சார், பிரேக் பிடிக்கவில்லை!" என்று அலறினார். நல்லவேளை, அந்த இடத்தில் சரிவு குறைவு. மலைப்பக்க மண்மேட்டில் உரசி நின்றுவிட்டார். சற்று நேரத்தில் வளைவிலிருந்து ஒரு பேருந்து மேலேறி வந்தது. இருவரும் பேச்சற்று நின்றோம். சக்கரத்தின் ரிம்மைத் தொட்டேன், விரல் சுட்டது.

வியப்பில்லை. 14.7 லட்சம் ஜூல், 5 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கப் போதும். அதில் ஒரு பகுதியே இரண்டு மெல்லிய ரிம்களையும் நான்கு ரப்பர் கட்டைகளையும் தாக்கினாலும் கட்டை இளகித் தேயும், டியூபும் வெடிக்கக்கூடும்.

ஆகவே மலையிறங்கும்போது நினைவில் வையுங்கள். புறப்படுமுன் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு! பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். இடையிடையே நிறுத்தி, ரிம் ஆறும்வரை காத்திருங்கள்.

நாங்கள் பர்லியாறு வரை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். மேட்டுப்பாளையம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஆனாலும் பத்திரமாகச் சேர்ந்தோம்.

உங்கள் ஊர்ப் பாலத்தின் உயரம் என்ன? அதில் ஏறி இறங்கும்போது உங்கள் பிரேக் ஏற்கும் ஆற்றல் அதிக அளவாக எத்தனை ஜூல்? கணக்கிட்டுப் பாருங்களேன்!