பூட்டு உடையவில்லை, வளையல் போய்விட்டது

பூட்டு உடைந்திருக்கவில்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அலமாரி திறந்து கிடந்தது. 2009-ஆம் ஆண்டு தைப்பூசத்திற்குத் தோட்டத்துக்குப் போய்விட்டு, பட்டணத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்குத் திரும்பிய இரவு கண்ட காட்சி இது. என் அம்மா பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் எனக்குப் போட்ட இரண்டு வளையல்களும் போயின. விசாரிக்க வந்த காவலர் முதலில் கேட்ட கேள்வி, "உங்களுக்கு முன்னால் இங்கே எத்தனை பேர் குடியிருந்தார்கள்?" என்பதுதான். எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்கும் சரியாகத் தெரியவில்லை. அத்தனை பேரிடமும் அந்த வீட்டுச் சாவி இருந்திருக்கலாம் அல்லவா?

லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பூட்டு என்பது பேருக்குத்தான் இருந்தது. விடியலில் எல்லாரும் பெரட்டுக்குப் போய்விட்டாலும் ஆயாக் கொட்டகையில் ஆள் இருக்கும். வாசலில் ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். புது முகம் நுழைந்தால் நாயும் கேட்கும், பாட்டியும் கேட்பார். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு நம்மில் எத்தனையோ பேர் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். இன்னும் தோட்டத்தில் இருப்போரின் பிள்ளைகளும் தொழிற்சாலை வேலைக்காகப் பட்டணத்தில் வீடு எடுத்துத் தங்குகிறார்கள். பகல் முழுவதும் அந்த வீட்டில் ஆளில்லை.

ஆகவே, குடிபோகும் வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன் பூட்டை மாற்றுங்கள். பல பூட்டுகளில் சாவி நுழையும் நடுப்பகுதியை மட்டும் கழற்றி வேறொன்று போடலாம். பழையதைக் கையோடு இரும்புக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிடுவது முறை. அவருக்கும் ஒரு சாவி வேண்டுமென்றால், உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பிரித்தால் தெரிந்துவிடும்.

குமிழ்க் கைப்பிடியில் பொத்தானை அழுத்திப் பூட்டும் பூட்டை மட்டும் நம்பி வெளியே போகாதீர்கள். அதன் நாக்கு சாய்வானது. மெல்லிய தகட்டைச் சந்தில் விட்டுத் தள்ளினால் பின்வாங்கிவிடக்கூடும். சாவியைத் திருப்பும்போது கட்டையான இரும்புத் துண்டு சட்டத்துக்குள் நீளும் பூட்டுத்தான் கெட்டி. அந்தத் துண்டு நுழையும் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணியையும் பாருங்கள். அரை அங்குலத் திருகாணி என்றால் ஓர் உதைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மரச்சட்டமாக இருந்தால் மூன்று அங்குலத் திருகாணி போடுங்கள். சில வெள்ளிதான் செலவு.

கிரில் கதவின் வெளிப்புறம் பெரிய பூட்டாகத் தொங்கவிட்டுப் போகிறோம். வீட்டில் ஆளில்லை என்று அறிவிப்புப் பலகை மாட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கம்பி இடைவெளியில் கையை விட்டு, பூட்டு உட்புறம் இருக்குமாறு மாட்டப் பழகுங்கள். வளையம் அதிகம் வெளியே தெரியாத பூட்டாக வாங்குங்கள். வெட்டுகிறவன் அந்த வளையத்தைத்தான் வெட்டுவான்.

பூட்டுவதைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, திறப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் என்னைச் சேரும். என் வகுப்பில் ஒரு பையன், வீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினான். அம்மா இரவு வேலைக்குப் போகும்போது தன்னையும் தம்பியையும் உள்ளே வைத்து வெளியில் பூட்டிச் சாவியை எடுத்துப் போவாராம். தனக்குப் பயமே இல்லையாம். படித்த எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அந்த வீட்டில் தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக ஓடுவார்கள்? தாயை அழைத்துப் பேசினேன். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லை, சம்பளமும் வேண்டும். "திருடனை நினைத்துத்தான் பூட்டினேன் டீச்சர், நெருப்பை நினைக்கவில்லை" என்று அழுதார். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கேட்டார். இப்போது இரவில் பிள்ளைகள் அந்த அம்மா வீட்டில்தான் படுக்கிறார்கள்.

கிரில் சாவி ஒன்று எப்போதும் வீட்டுக்குள், பிள்ளைக்கு எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். சன்னல் வழியாகக் குச்சி விட்டு எடுக்க முடியாத தூரத்தில் அந்த ஆணி இருக்கட்டும். சன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகள் சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறக்கிறார்களா என்று விளையாட்டுப் போல ஒருநாள் பாருங்கள்.

பழைய பிளாட்டுகளில் நடைபாதைப் பக்கம் அடுக்கடுக்கான கண்ணாடிப் பட்டைச் சன்னல் இருக்கும். பட்டையைப் பிடித்திருக்கும் அலுமினியப் பிடியை நெம்பினால் சத்தமில்லாமல் உருவிவிடலாம். உட்புறம் கம்பி இல்லையென்றால், பட்டையின் இரு முனைகளிலும் சிலிக்கோன் பசை தடவி ஒட்டுங்கள். நகர்த்தும் சன்னலுக்குப் பழைய துடைப்பக் கட்டை ஒன்று போதும். அளவாக வெட்டிக் கீழ்த் தடத்தில் படுக்க வையுங்கள்.

நகையை அரிசித் தொட்டியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் ஒளிப்பது நமக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்று நினைக்க வேண்டாம். என் வளையல்கள் சேலை மடிப்பில் இருந்தன, வந்தவன் சேலைகளைத்தான் முதலில் உதறியிருக்கிறான். வங்கிப் பெட்டகம் கிடைத்தால் நல்லது. பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் பாரம் நிரப்பித் தெரிவித்துவிட்டுப் போகலாம். முகநூலில் படம் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கதவு திறந்திருந்தால் உள்ளே நுழையாதீர்கள், எதையும் தொடாதீர்கள். கீழே இறங்கி 999-க்கு அழையுங்கள்.

இன்னொன்று. கழற்றிய பழைய பூட்டை எறிந்துவிடாமல் ஒரு மைலோ டின்னில் போட்டு வையுங்கள். காலி செய்யும் நாளில் அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் கை வைக்கமாட்டார். உங்கள் பூட்டை நீங்கள் அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 2009-இல் வளையல் போன மறுநாள் நான் வாங்கிய பூட்டு, இப்போது எங்கள் மூன்றாவது வாடகை வீட்டில் இருக்கிறது.