தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பெருந்தீங்கு ஒன்று சிறு இழப்போடு நீங்கியதைக் குறிக்க வழங்கும் இம்மொழி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரைப் பொறுத்தவரை வெறும் உவமையன்று, உள்ளபடியே நிகழ்வதாகும். கவசம் நொறுங்குகிறது, தலை தப்புகிறது. ஆயினும் தம் நாட்டில் தலைக்கவசமின்றி வண்டியைத் தொடாத மக்கள், அயல்நாட்டில் கால் வைத்ததும் வெறுந்தலையோடு வண்டி ஏறுவதைத் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் அன்றாடம் காணலாம். நம் குடும்பங்களின் இளையோரும் இன்று இந்நாடுகளுக்கு உல்லாசப் பயணம் செல்லத் தொடங்கியுள்ளமையால், இதனை நாம் சற்றே ஆராய்வது நன்று.

இந்நாடுகளில் வண்டி வாடகைக்குக் கிடைப்பது மிக எளிது. சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்தால் போதும். பல இடங்களில் உரிமம் உண்டா என்றுகூடக் கேட்பதில்லை. வாழ்நாளில் கார் மட்டுமே ஓட்டியவரும், சைக்கிளைத் தவிர வேறெதிலும் ஏறியறியாதவரும் அரைமணி நேரத்தில் ஸ்கூட்டர்க்காரராகி விடுகின்றனர். தாய்லாந்தில் சியாங் மாய் நகரிலிருந்து பாய் என்னும் மலையூருக்குச் செல்லும் சாலையில் 762 வளைவுகள் உண்டென்று கணக்கிட்டு, அந்த எண்ணையே பனியனில் அச்சிட்டு விற்கின்றனர். வளைவுகளை எண்ணிப் பெருமை கொள்ளும் பயணிகள், அதே ஊரில் கையிலும் காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு நடமாடும் பிற பயணிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. தாய்லாந்தில் சாலை விபத்துகளில் மாள்வோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளில் செல்வோரே என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் அறிக்கையில் எடுத்துக் காட்டிற்று.

"ஏன் கவசம் அணியவில்லை?" என்று கேட்டால் பலரும் கூறும் மறுமொழி ஒன்றே: "இந்த ஊரில் யார் அணிகிறார்கள்?" ஊரோடு ஒத்து ஓடுவது நல்ல பழக்கமே. ஆனால் இவர்கள் ஊராரிடமிருந்து எதனைக் கற்றுக்கொண்டார்கள் என்பதே கேள்வி. அவ்வூரார் பிள்ளைப் பருவம் முதல் அச்சாலையிலேயே வளர்ந்தவர்கள்; எந்த வளைவில் மணல் சிதறிக் கிடக்கும், மழை பெய்தால் எந்த இறக்கம் வழுக்கும், எதிரே வரும் லாரி எப்பொழுது வழிவிடும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அயலாருக்கோ சாலையின் எந்தப் பக்கம் செல்வது என்பதே புதிது. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் நம் நாட்டைப் போல இடப்பக்கம் செல்லவேண்டும், வியட்நாமில் வலப்பக்கம். அவ்வூராரின் அனுபவத்தைப் பெறாமல் அவருள் சிலரது அசட்டையை மட்டும் பெற்றுக்கொள்வது ஒத்து ஓடுவதாகுமா?

மேலும், அவ்வூரார் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். வியட்நாம் மக்களின் வாழ்வு மோட்டார் சைக்கிளின் மீதே நடைபெறுகிறது. ஒரு காலத்தில் அங்கே நகர்ச்சாலைகளில் பெரும்பாலோர் வெறுந்தலையராகவே சென்றனர். தலைக்கவசத்தைச் 'சோறு பொங்கும் மின்சாரப் பானை' என்று கேலி பேசினர். வெப்பம், வியர்வை, தலைமயிர் கலைதல் என்று நம் ஊரில் கேட்கும் சாக்குகள் அனைத்தும் அங்கும் கேட்டன. 2007ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் முதல் எல்லாச் சாலைகளிலும், ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் கவசம் அணிந்தே தீரவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. ஓரிரவில் நாட்டின் தோற்றமே மாறிற்று எனலாம். பத்துப் பேரில் ஒன்பதின்மருக்கு மேல் கவசத்தோடு தெருவில் இறங்கினர். சட்டத்திற்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் 20 மருத்துவமனைகளில் ஒப்பிட்டு நோக்கியபோது, விபத்தில் அடிபட்டு வந்தோரிடையே தலைக்காயத்தின் அபாயம் 16 விழுக்காடும், இறப்பின் அபாயம் 18 விழுக்காடும் குறைந்திருந்தன. எனவே ஹனோய் நகரில் வெறுந்தலையோடு செல்லும் அயல்நாட்டார் ஊரோடு ஒத்து ஓடவில்லை. ஊரார் கைவிட்ட பழைய தவற்றையே கையில் எடுத்துக்கொண்டு ஓடுகின்றார்.

தலைக்கவசத்தின் அருமையை மருத்துவ உலகம் உணர்ந்த வரலாறும் அறியத்தக்கது. 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இங்கிலாந்தில் தம் மோட்டார் சைக்கிளில் விரைந்து வருகையில், சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவிழந்து கிடந்து, 46ஆம் வயதில் உயிர் நீத்தார். அவரைக் கவனிக்க அழைக்கப்பட்டோருள் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றியவர். பின்னர் உலகப்போர்க் காலத்தில் இராணுவத் தூதர்கள் பலர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறப்பதைக் கண்டு, 1941ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். கவசம் அணிந்து விபத்துக்குள்ளான எழுவரை மட்டுமே அவரால் அப்பொழுது காண முடிந்தது. அந்த எழுவரும் பிழைத்திருந்தனர். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் தூதர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பொதுமக்களுக்கு அச்சட்டம் வருவதற்கோ 1973ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு, தலைக்கவசம் விபத்தில் இறக்கும் அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காயத்தின் அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கின்றது என்று கூறுகின்றது.

கவசம் எவ்வாறு காக்கின்றது? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று மோதுவது, ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பாகும். கவசத்தின் வெளியோடு அடியைப் பரவச் செய்கிறது. உள்ளிருக்கும் தெர்மோகோல் போன்ற தடித்த அடுக்கு நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. தாடை வார், கவசம் கழன்று பறக்காமல் பிடித்துக்கொள்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. வாடகைக் கடைகளில் வண்டியோடு தரப்படும் கவசங்கள் பலவற்றில் உள்ளடுக்கு மெலிந்தும், வார் அறுந்தும், அளவு பொருந்தாமலும் இருப்பதுண்டு; சில வெறும் பிளாஸ்டிக் தொப்பிகளே. முன்னரே ஒரு விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே பளபளத்தாலும், உள்ளே நசுங்கிய அடுக்கு மீண்டும் எழுவதில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பயணக் காப்பீடு இருக்கின்றதே என்று பலர் துணிந்து விடுகின்றனர். உரிமமின்றியோ கவசமின்றியோ வண்டி ஓட்டி அடிபட்டால், காப்பீட்டு நிறுவனங்கள் பல ஒரு காசும் தருவதில்லை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி தருவது ஒன்று. 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி தருவது மற்றொன்று. வியட்நாம் சேர்ந்திருப்பது பின்னதில். ஆகவே அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ முன்னதன்படி பெற்ற சீட்டு அங்கே செல்லாது. எந்தச் சீட்டாயினும் அதில் இருசக்கர வண்டிக்கு இசைவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காருக்குப் பெற்ற உரிமம் ஸ்கூட்டருக்கு உதவாது. அயல்நாட்டு மருத்துவமனையில் கிடக்கும் மகனுக்காக வீட்டை அடகு வைக்கும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் வரவேண்டாம்.

அயலாரின் ஒழுங்கீனத்தால் அவ்வூராரும் மனம் புண்படுகின்றனர். கவசமின்றியும் போலி எண்பலகையோடும் பயணிகள் திரிவது கண்டு, அயல்நாட்டுப் பயணிகளுக்கு வண்டி வாடகைக்கு விடுவதையே தடை செய்யப் போவதாகப் பாலியின் ஆளுநர் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அறிவிக்கும் அளவிற்குச் சென்றது. விருந்தினர் வீட்டு முறையை மீறினால் வீட்டார் கதவைச் சாத்த நினைப்பது இயல்பே.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகள் பயணத்திற்குப் பெட்டி கட்டும்போது மூன்றினைக் கேட்டறியுங்கள். அங்கே வண்டி ஓட்டும் எண்ணம் உண்டா? உண்டெனில், அந்நாடு ஏற்கும் உரிமமும், இருசக்கர வண்டியையும் உள்ளடக்கிய காப்பீடும் கையில் உண்டா? தலைக்குப் பொருந்தும் நல்ல கவசத்தை எடுத்துச் செல்லவோ அங்கே வாங்கவோ ஏற்பாடு உண்டா? இம்மூன்றில் ஒன்றுக்கேனும் இல்லையென்பது விடையானால், பேருந்திலோ வாடகைக் காரிலோ சென்று வரட்டும். காண வேண்டிய மலையும் கடலும் அப்பொழுதும் அங்கேதான் இருக்கும். இளையோரே, நம்மை யாரும் அறியாத ஊர் என்பதால் நம் தலை வேறொரு தலையாகி விடுவதில்லை. வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்போர் அதே அன்போடுதான் காத்திருக்கின்றனர். கவசத்தை அணியுங்கள், வாரை இறுகப் பூட்டுங்கள், பின்னால் அமர்பவருக்கும் ஒன்று கொடுங்கள், அதன்பின் வண்டியை எடுங்கள்.