சி ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியை எடுக்கும் முன்

ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி அது குடிபோதையில் வண்டி ஓட்டிய குற்றம். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கண்ணும் கையும் தடுமாறும் அளவு, 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவருடைய தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. நம் சட்டம் பிடிக்கும் அளவைவிட இது அதிகம். ஆனால் தூக்கமின்மையை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கும் கருவி எந்தப் போலீஸ்காரரிடமும் இல்லை.

பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் தண்டலத்தில் 17 மணி நேரத்தை எட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்கோ ஒரகடத்துக்கோ சி ஷிப்ட், அதாவது இரவு ஷிப்ட், போய்வரும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு வீடு திரும்புகிறாள். அது பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். தோசை ஊற்றி, டிபன் பாக்ஸ் கட்டி, தலை பின்னி, வேனில் ஏற்றிவிட்டு, ஊறவைத்த துணியை அலசிப் போட்டு அவள் பாயை விரிக்கும்போது மணி 9. பத்தரைக்கு கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டுகிறார். பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி. அதற்கு மேல் கண் மூடுவதில்லை. பகல் 12 மணிக்கு எழுந்தவள் இரவு 10 மணிக்கு லைனில் நிற்கிறாள். விடிய 6 மணிக்கு வெளியே வரும்போது 18 மணி நேரம் விழித்திருக்கிறாள். அந்த நிலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டாப்பில் நிறுத்தி வைத்த ஸ்கூட்டியை எடுத்து, கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் முட்டிக்கொள்ளும் சாலையில் ஏறுகிறாள்.

‘எல்லாம் தலைக்கு மேல போகுது’ என்று பெண்கள் சொல்லும்போது, நேரத்தைத் திட்டமிடச் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டமே இருக்கிறது. காலையில் அரை மணி முன்னால் எழுந்திரு, ஞாயிற்றுக்கிழமையே காய் நறுக்கி வை, பட்டியல் போடு. கணக்கு தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். எட்டு மணி நேர ஷிப்ட், அரை மணி சாப்பாட்டு இடைவேளை, போக வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆகப் பத்தரை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ள, அதைச் செய்யும் பெண்ணுக்கு 137 நிமிடம், ஆணுக்கு 75. இது ஆறு வயதுச் சிறுமிகளிலிருந்து தொடங்கும் சராசரி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தச் சராசரிகள் ஒரே பெண்ணின் தலையில் விழுந்தால் 17 மணி 36 நிமிடம் போய்விடுகிறது. குளிக்க, சாப்பிட, தூங்க எல்லாவற்றுக்கும் மிச்சம் 6 மணி 24 நிமிடம். கம்பெனிக்குப் போகிறவள் கொஞ்சம் சுருக்கத்தான் செய்வாள். மாவைக் கடையில் வாங்குவாள், இரண்டு வேளைக் குழம்பை ஒரே வேளையில் வைப்பாள். ஆனால் இரண்டு மணி நேரம் ஓ.டி. பார்த்தால் அப்படி மிச்சப்படுத்தியதும் போச்சு. அரை மணி முன்னால் எழச் சொல்பவர் அதை எங்கிருந்து எடுக்கச் சொல்கிறார்? தூக்கத்திலிருந்துதான். வேறு எதிலும் கைவைக்க இடமில்லை.

இந்தக் கணக்கு தமிழ்நாடு சட்டசபை வரைக்கும் ஒருமுறை போனது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வாரத்தில் கூடுதலாக ஓய்வு நாள் கிடைக்குமே என்பது ஆதரித்தவர்கள் வாதம். திங்கட்கிழமை கெட்ட தூக்கத்தை வெள்ளிக்கிழமை தூங்கி முழுதாக மீட்க முடியாது என்பதைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

அடுப்பங்கரை இல்லாத விடுதிப் பெண்ணுக்கு மட்டும் நிம்மதியா? அதுவும் இல்லை. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு போன் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் கூட்டமாக நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு, 706 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனாலும் ஒரே அறையில் ஒருத்திக்கு ஏ ஷிப்ட், இன்னொருத்திக்கு சி ஷிப்ட் என்று இருந்தால் ஒருத்தி விளக்கைப் போடும் நேரம் மற்றவளுடைய நடுராத்திரி. கட்டடம் மாறினாலும் இது மாறாது. ஒரே ஷிப்ட்காரர்களை ஒரே அறையில் போட வேண்டும். அதற்குக் கோடிகள் தேவையில்லை.

இனி வருவதுதான் எச்சரிக்கையின் மையம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வான் டாங்கன், டிங்ஸ் குழுவினர், ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். முடிவில் அவர்களுடைய கவனம், இரண்டு இரவு வரை கண் மூடாமல் இருந்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. அவர்களுக்கு அது உறைக்கவில்லை என்பதுதான் பயங்கரம். முதல் சில நாள் அலுப்பாக இருக்கிறது என்றார்கள். பிறகு அந்த உணர்வு ஓரளவோடு நின்றுவிட்டது, தடுமாற்றம் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. ‘பழகிடுச்சுக்கா, அஞ்சு மணி நேரம் போதும்’ என்று லைனில் பக்கத்தில் நிற்கும் தோழி சொன்னால் நம்பாதீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. தன் நிலையை அளக்கும் திறனும் அவளுக்குச் சேர்ந்தே மழுங்கியிருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, ஸ்டேஜில் ஸ்க்ரூவை விடுவது, பிள்ளை ஸ்பூனைக் கீழே போட்டதற்கு அறைவது, பஸ்ஸில் காரணமில்லாமல் கண் கலங்குவது. வீட்டில் இதையெல்லாம் குணம் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் இது தூக்கக் கடன்.

அந்தக் கடனையும் உடம்பு வலியையும் மாத்திரையால் மூடும் பழக்கம் இன்னும் மோசம். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலியோடு வேலையைத் தொடர மேற்பார்வையாளர்கள் பெயர்கூட இல்லாத மாத்திரைகளைத் தந்தது அப்போது வெளியானது. கம்பெனி தராவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிக்கொள்கிறோம். இன்னொன்று: ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ‘எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை’ என்று நொந்துகொள்ளும் இருவரில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் போதாமல் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் காசில்லாமல் பார்க்கிறார்கள். தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆக, செய்ய வேண்டியது வேலைப் பட்டியலை நேர்த்தியாக்குவது அல்ல. ஏழு மணி நேரத் தூக்கத்தை முதலில் எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் அடங்காததை வெட்டுவது. எது வெட்டுப்படும் என்பதை வீட்டில் பேசியே ஆக வேண்டும். சிலிண்டர்காரருக்குக் கணவரின் போன் நம்பரைக் கொடுக்கலாம். சி ஷிப்ட் வாரத்தில் பள்ளி டிபன் அவர் பொறுப்பு. நைட் முடித்த காலையில் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ. ஸ்கூட்டி வேண்டவே வேண்டாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் 2017-இல் மகப்பேறு சட்டத்தில் சேர்த்தார்கள். கேட்காத இடத்தில் அது காகிதத்தோடு நிற்கும். சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் தமிழில் எடுக்கிறார்கள்.

உடம்பு நிஜமாகவே விழுந்துவிட்டால் சம்பளம் போகுமே என்று காய்ச்சலோடு பஞ்ச் அடிப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், கான்ட்ராக்டில் இருந்தாலும், ஈ.எஸ்.ஐ.க்குள் வருகிறார்கள். சந்தா நாட்கள் சரியாக இருந்து ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மாதாமாதம் சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது இதற்கும் சேர்த்துத்தான்.