ஒலியும் கருவியும் – 7: எண்களாய் எழுதிய இசை

1986 தீபாவளிக்கு வெளிவந்த கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இசையமைக்க இளையராஜா பயன்படுத்திய கருவிகளுள் யமஹாவின் சிஎக்ஸ்5எம் கணினியும் ஒன்று. தமிழ்த் திரையிசையில் கணினி புகுந்ததற்கு முதற்சான்றாக இந்தப் படத்தையே பலரும் காட்டுகிறார்கள். பசறை, மடுல்சீமைத் தோட்ட லயங்களில் வானொலி வழியே இந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். அவர்கள் படத்தின் தீம் இசையை மறுபடி ஒருமுறை கேட்கவேண்டும். துளியும் பிசகாத அந்தத் தாள ஓட்டம் இயந்திரத்தின் கொடை.

சிஎக்ஸ்5எம் வீட்டுப் பாவனைக்கு வந்த சிறு கணினி; அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். ஆனால் உள்ளே எட்டுக் குரல்களை ஒரே நேரத்தில் எழுப்பும் எஃப்எம் ஒலிச் சில்லு இருந்தது. ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை வேகமாக அசைத்துப் புது நாதம் பிறப்பிக்கும் இந்த முறையை 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்தார். மணியோசையும் உலோக நாதமும் இதில் அருமையாக வரும். வில்லிழுக்கும் வயலினின் கனிவு வராது.

மென்பொருள் அட்டையைச் செருகினால் திரையில் ஐந்துகோட்டுத் தாள் விரியும். ஒவ்வொரு சுரத்தையும் அதன் நீளத்தோடு அதில் பதிக்கவேண்டும். பதித்ததைக் கணினி வாசிக்கும். கையால் தேடித் தேடி மெட்டுப் பிடிப்பவருக்கு இது பெருந்தொல்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை மனத்திலேயே கேட்டு, தாளில் எழுதிக்கொடுத்துப் பழகிய இளையராஜாவுக்கோ இது கைவந்த வேலையின் நீட்சிதான்.

கணினியையும் வேறு சிந்தசைசர்களையும் இணைக்கும் பொதுமொழியான 'மிடி' 1983இல் வந்தது. மிடி கம்பியில் ஒலி ஓடுவதில்லை, எண்களே ஓடுகின்றன. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பவை 0 முதல் 127 வரையான எண்களாகிப் போகும். ஒரு சுரத்துக்கான கட்டளை போய்ச்சேர ஒரு மில்லிசெக்கன் அளவே ஆகும்.

சிக்கலும் அங்கேதான். மாரியம்மன் திருவிழாவில் தப்பைத் தீயில் காய்ச்சி அடிப்பவரின் நாதம் தோலின் சூட்டைப் பொறுத்தது, குச்சி விழும் இடத்தைப் பொறுத்தது. இரண்டு எண்கள் அதைச் சொல்லிவிடா. கமகமும் அப்படித்தான்: சுருதியை வளைக்கும் கட்டளை மிடியில் உண்டு, ஆனால் ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் அது சேர்த்தே வளைத்துவிடும். ஆகவே தாளமும் அடிநாதமும் இயந்திரத்துக்குப் போக, குழைவு வேண்டிய பகுதிகள் மனிதக் கைகளிலேயே தங்கின.

இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களுள் ஒருவர், பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மான். 1992இல் ரஹ்மான் இசையமைத்த 'ரோஜா' படம் வெளிவந்தபோது அவரிடம் கோடம்பாக்கத்தில் சொந்த ஒலிப்பதிவுக்கூடமே இருந்தது. வாத்தியக் குழு முழுவதும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்து முடித்தால்தான் பாட்டு என்ற முறை அங்கே மாறியது. அடித்தளத்தைக் கணினியில் முதலில் போட்டுவிட்டு, வாசிப்பவர்களையும் பாடுபவர்களையும் தனித்தனியே அழைத்துப் பதிவுசெய்ய முடிந்தது. பாடி முடித்த பிறகும் பின்னணியை மாற்றி அமைக்க வழியிருந்தது.