மின் அடுப்பு வீட்டுக்குள் வருமுன்

மாரி காலத்தில் விறகு நனைந்துவிடும். குழந்தைக்கு வெந்நீர் வேண்டும். பட்டணத்தில் இருக்கும் மகனோ மகளோ ஒரு மின் அடுப்பை வாங்கி அனுப்பிவிடுவார்கள். சொந்தக் காணிக்குத் திரும்பியோரின் வீடுகளிலும், இன்னும் உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்போரிடமும் இதனைக் காண்கிறோம். அடுப்பில் பிழையில்லை. அது செருகப்படும் சுவரைப் பற்றியே பேச வேண்டியுள்ளது.

எமது வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற். 2000 வாற் அடுப்பு ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 9 வாற் பல்புகள் இருநூறுக்கு மேல் ஒரே நேரத்தில் எரிவதற்கு இது சமம். பல்புக்கென இழுத்த மெல்லிய வயரில் இதனை ஓடவிடுவது, வரம்போரத்துச் சிறு வாய்க்காலில் குளத்து நீரைத் திறந்துவிடுவது போன்றது. வாய்க்கால் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். வயரோ கூரைக்குள் சத்தமின்றிச் சூடாகி, உறை உருகி, கிடுகில் தீப்பிடித்த பின்னரே தெரியவரும்.

ஆகவே அடுப்புக்குப் பிரதான பெட்டியிலிருந்து தனி வயர் இழுப்பதே நல்லது. கடையில் 7/0.67 என்று கேட்டால் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் தருவார்கள். அதனோடு எர்த் வயரும், 13 அம்பியர் சதுரக்கால் சொக்கற்றும் வேண்டும். பல்புக்குப் பாவிக்கும் 1/1.13 போதாது. பிளக்கை வெட்டிவிட்டு வயர் நுனிகளைத் தீக்குச்சியால் இறுக்குவது முகாம் வாழ்க்கை எமக்குப் பழக்கிய கெட்டித்தனம். அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

எர்த் விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீண்டகாலம் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வயர்கள் இருந்தன, பல்பு எரிந்தது. "அடுப்பைத் தொட்டால் சுள்ளெண்டு இழுக்குது, அதுதான் செருப்புப் போட்டுக்கொண்டு சமைக்கிறன்" என்றார் வீட்டுக்கார அம்மா. வெளியே பார்த்தால் எர்த் கம்பியையே காணோம். செம்புக்காக யாரோ கிண்டி எடுத்திருந்தார்கள்.

அடுப்பினுள் ஈரமோ பழுதோ ஏற்பட்டால் மின்சாரம் அதன் உலோக உடலுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், ட்ரிப் சுவிச்சும் விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அது காத்திருக்கும். பியூஸ் இதற்கு உதவாது, ஏனெனில் ஆளைக் கொல்லும் மின்னோட்டம் பியூஸ் எரியப் போதாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சோ, ஒரு 9 வாற் பல்பு இழுப்பதிலும் குறைந்த கசிவுக்கே விழுந்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று அதனை விலக்கி நேரே இணைத்துத் தருகிறேன் என்பவரைப் படலைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

எர்த் கம்பியை ஈரம் நிற்கும் இடத்தில் அடிப்பியுங்கள். குசினித் தண்ணீர் ஓடும் வாழைப்பாத்தியோரம் பொருத்தமானது. வன்னி மண் கோடையில் காய்ந்து இறுகும்போது எர்த்தின் வேலை குறையும்; அப்போது வாளி தண்ணீர் ஊற்றலாம்.

பழைய வயரிங்கை எலி கடித்திருக்கும், உறை பொரிந்திருக்கும். அனுபவமுள்ள மின் இணைப்பாளர் ஒருவர் மெகர் கருவியால் சோதிக்கும்வரை பிரதான சுவிச்சைப் போடாதீர்கள். செலவுதான், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அயல்வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் வயர் இழுத்திருப்போரும், தறப்பாள், கிடுகுக் கொட்டில்களில் இருப்போரும் மின் அடுப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விறகடுப்பின் புகை கண்ணைக் கரிக்கும்தான். இருந்தும் நான் அதையே சொல்வேன்.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் ஆளைத் தொட வேண்டாம். முதலில் பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். அது எட்டாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த தடியால் வயரைத் தள்ளிவிடுங்கள். பின்னர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எழுந்து நடந்தாலும் ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்; இதயத் துடிப்பை அங்கே பார்க்க வேண்டும்.