பாதத்தின் மேல் நின்ற கார்

1967 ஆகஸ்ட் கடைசி நாள். லண்டனில் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போலீஸ்காரர் நடைபாதையோரமாக ஓர் இடத்தைக் காட்டி, முன்னால் வந்து நிறுத்தச் சொன்னார். கார் வந்தது. சக்கரம் போலீஸ்காரரின் இடது பாதத்தில் ஏறி நின்றது. எடுக்கச் சொல்லி அவர் அலற, ஓட்டியவர் கெட்ட வார்த்தை ஒன்றை உதிர்த்துவிட்டு, காத்திருக்கச் சொன்னார். என்ஜினும் நின்றுபோனது. பலமுறை கேட்ட பிறகுதான் ஆற அமரக் காரை நகர்த்தினார்.

இது தாக்குதல்தானே? அவ்வளவு சுலபமில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி இத்தகைய குற்றத்துக்குத் தகாத செயலும் வேண்டும், அதைச் செய்யும் மனமும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கூடியிருக்கவும் வேண்டும். சக்கரத்தை வேண்டுமென்றே ஏற்றினார் என்பதில் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தின் பலன் அவருக்கே. கெட்ட எண்ணம் வந்ததோ அப்புறம். அப்போது அவர் என்ன செய்தார்? சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பதை அந்தச் சட்டம் லேசில் தண்டிக்காது. யாரோ ஒருவரின் குழந்தை குளத்தில் தத்தளிப்பதை வேடிக்கை பார்ப்பவன் மீதுகூட அங்கே பொதுவாகக் குற்றம் சாட்ட முடியாது.

1968இல் வழக்கு உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளிடம் வந்தது. சக்கரம் பாதத்தில் இருக்கும்வரை செயல் முடியவில்லை, நடுவழியில் எண்ணம் வந்து சேர்ந்தாலும் போதும் என்றார்கள் இருவர். தண்டனை நிலைத்தது. உட்கார்ந்திருப்பது எப்படித் தாக்குதலாகும் என்று மாறுபட்டார் மூன்றாமவரான நீதிபதி பிரிட்ஜ். தர்க்கம் அவர் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஓட்டுநரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

இன்னொரு வழி 1983இல் பிறந்தது. பர்மிங்ஹாமில், ஆளில்லாத வீட்டில் தங்கியிருந்த ஒருவர் சிகரெட்டோடு தூங்கிப்போனார். விழித்தபோது மெத்தை புகைந்துகொண்டிருந்தது. அணைக்கவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். வீடு பற்றிக்கொண்டது. தெரியாமல் உண்டாக்கிய ஆபத்தானாலும், தெரிந்த பிறகு தன்னால் முடிந்த அளவு அதைத் தடுப்பது அவர் கடமை என்றது, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை. தீர்ப்பெழுதிய டிப்ளாக் பிரபு பழைய ‘தொடரும் செயல்’ வாதத்தைத் தள்ளிவிடவில்லை. எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்றுதான். ஜூரிகளுக்கு விளக்கிச் சொல்லக் கடமைதான் சுலபம் என்றார்.